டிசி வாங்குவதற்கு முன்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் பெற்றோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு எப்போது மாற்றலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ‘மாற்றலாமா, கூடாதா’ என்று கேட்காமல் ‘எப்போது’ என்று கேட்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் உடனே ஒப்புக்கொண்டேன்.

மாற்றலாமா என்ற கேள்விக்கு மேடையில் பதில் சொல்வது எளிது. அரசுப் பள்ளியில் படித்துப் பெரிய ஆளானவர்களின் பெயர்களை அடுக்கிவிட்டு, யாரும் மாற்ற வேண்டாம் என்று முடித்துவிடலாம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் ஓர் அப்பாவின் மகன் நாலாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டித் திணறிக்கொண்டிருந்தால், அந்தப் பெயர்கள் அவருக்கு எந்த வகையிலும் உதவப்போவதில்லை. அரசுப் பள்ளியிலேயே பாடம் நடத்தி, அங்கேயே தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். டிசியில் கையெழுத்துப் போட்டுப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன். தனியார் பள்ளியிலிருந்து திரும்பி வந்தவர்களைச் சேர்த்தும் இருக்கிறேன். இரண்டையும் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்கு வேண்டிய ஒன்று இப்போதைய பள்ளியில் இல்லை. கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. போகப்போகிற பள்ளியில் அது இருப்பதை நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிட்டீர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் மாற்றுங்கள். சேர்ந்த பிறகும், எந்த வகுப்பில் மாற்றுகிறோம் என்பதை ஒருமுறை யோசியுங்கள். பள்ளி மாற்றத்தில் வரும் லாபமும் நட்டமும் பெரும்பாலும் அந்த வகுப்பைப் பொறுத்தே அமைகின்றன.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் ஓர் அம்மா வந்தார். நாலாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு டிசி வேண்டும் என்றார். கட்டட வேலைக்குப் போகிறவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். “என்னம்மா குறை?” என்று கேட்டேன். “குறை ஒண்ணும் இல்லீங்க டீச்சர். எங்க நாத்தனார் பிள்ளை இங்கிலீஷ்ல பாட்டா பாடுது. இவ வாயே திறக்க மாட்டேங்குறா” என்றார். மகளை அழைத்து வரச் சொன்னேன். மேசையில் அன்று காலை வந்த ‘ஊஞ்சல்’ இதழ் இருந்தது. அரசு பள்ளிப் பிள்ளைகளுக்காக அனுப்பும் சிறுவர் இதழ். அந்தப் பிள்ளை இன்னும் பார்த்திராத ஒரு கதையைப் பிரித்துக் கொடுத்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வாய்விட்டுப் படித்தாள். கதை என்ன சொல்கிறது என்றதும் சொந்த வார்த்தையில் சொன்னாள். 503லிருந்து 278ஐக் கழி என்றேன். நடுவில் இருக்கும் பூஜ்யத்தில் தடுக்காமல் கடன் வாங்கி 225 என்று எழுதினாள். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் ஒரு பக்கத்தை முழுதாகப் படித்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். டிசி பேச்சு அன்றைக்கு அதோடு நின்றுவிட்டது.

அவர் மாற்றக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மகளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்க்காமலே அவர் ஒரு பெரிய முடிவுக்கு வந்திருந்தார். நம்மில் பலர் அப்படித்தான் வருகிறோம். ரேங்க் கார்டைப் பார்க்கிறோம், பிள்ளையின் வாசிப்பைக் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் இன்று இரவே செய்து பார்க்கலாம். பிள்ளை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்று, வகுத்தல் கணக்கு ஒன்று. இன்றைக்குப் பள்ளியில் நடந்ததைப் பற்றி ஐந்து வரி எழுதட்டும். படிக்கத் தெரியாத பெற்றோர், பக்கத்து வீட்டில் கல்லூரி போகும் பெண்ணைக் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ‘பிரதம்’ அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கும் ‘அசர்’ ஆய்வும் ஏறக்குறைய இப்படித்தான் பிள்ளைகளைச் சோதிக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடியாத பிள்ளைகள் அரசுப் பள்ளியில் மட்டும் இல்லை, தனியார் பள்ளியிலும் இருக்கிறார்கள் என்று அந்த அறிக்கை தொடர்ந்து காட்டிவருகிறது.

தனியார் பள்ளிக்குப் போனாலே படிப்பு வந்துவிடுமா என்பதற்கு ஆந்திரத்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இருவர் 2008இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் நடத்தியது. கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடம் விண்ணப்பம் வாங்கிக் குலுக்கல் போட்டார்கள். சீட்டு விழுந்த பிள்ளைகள் தனியார் பள்ளியில் கட்டணமில்லாமல் படித்தார்கள். சாதாரணமாக நாம் தனியார் பள்ளிப் பிள்ளையையும் அரசுப் பள்ளிப் பிள்ளையையும் ஒப்பிடும்போது, இரண்டு வீடுகளின் வசதியையும் சேர்த்துத்தான் ஒப்பிடுகிறோம். குலுக்கல் அந்தக் குழப்பத்தை நீக்கிவிட்டது. நான்கு ஆண்டு கழித்துச் சோதித்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. இந்தியில் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். தனியார் தரப்புக்கும் இதில் பெருமை உண்டு. ஒரு பிள்ளைக்கு அரசு செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில், தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே ஒதுக்கி, அவர்கள் அதே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் கட்டணம் கட்டுகிற தாய் தகப்பன் எதிர்பார்ப்பது அதைவிட அதிகம்.

இனி வகுப்புகளுக்கு வருவோம்.

தொடக்கப் பள்ளியில் மாற்ற வேண்டிய நியாயமான காரணம் ஒன்று உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை மொத்தம் 60 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு 2 ஆசிரியர் என்கிறது. 61 முதல் 90 வரை 3 பேர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் பல, ஈராசிரியர் பள்ளிகள். அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர். எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவு, உணவுக் கணக்கு, வட்டார வள மையத்தில் கூட்டம் எல்லாம் அவர் தலையில்தான். அவர் வெளியே போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒரே ஆசிரியர் கையில். 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்துச் சொல்லித்தருகிறது. பின்தங்கிய பிள்ளைக்கு அது நல்ல ஏற்பாடு என்பதை நானே கண்டிருக்கிறேன். சிரமப்படுவது, ஏற்கெனவே மலர்ந்துவிட்ட பிள்ளை.

பக்கத்துக் கிராமத்து ஈராசிரியர் பள்ளியில் அப்படி ஒரு நாலாம் வகுப்புப் பையன் இருந்தான். காலை பத்தரைக்கெல்லாம் தன் பாடத்தை முடித்துவிடுவான். பிறகு முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து எழுதிக் கொடுப்பது, சிலேட்டு அழித்துத் தருவது, சண்டையை விலக்குவது. சின்னப் பிள்ளைகள் அவனை ‘அண்ணா சார்’ என்று கூப்பிட்டார்கள். அவனுக்குப் புதிதாகச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆசிரியை மனச்சாட்சியோடு அதை அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா என்னிடம் வந்து கேட்டார். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் அரசு நடுநிலைப் பள்ளி ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். மாற்றம் என்றதும் நமக்குத் தனியார் பள்ளிதான் நினைவுக்கு வருகிறது. ஓர் அரசுப் பள்ளியிலிருந்து இன்னோர் அரசுப் பள்ளிக்கும் மாறலாம். அவனுக்கு அது வாய்க்கவில்லை. பஸ் வசதி இல்லாத தடம். டவுனில் இருந்த தனியார் பள்ளியில் ஜூன் மாதம் சேர்த்துவிடுங்கள் என்று நானே சொன்னேன். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை இப்படிச் சொல்லலாமா என்று சிலர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். மூன்றாவது ஆசிரியரை அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது நம் கடமை. அது கிடைக்கும்வரை அந்தப் பையனின் படிப்பு காத்திருக்காது.

தொடக்கப் பள்ளியிலேயே மாற்றுவதில் இன்னொரு நன்மை, பயிற்றுமொழி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் தனியார் பள்ளிக்கு மாற்றுவது என்றாலே தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றுவது என்று ஆகிவிட்டது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. ஆனாலும் தனியார் பள்ளிக்குப் போகிற வேகம் குறையவில்லை. பெற்றோரின் ஆசை நியாயமானது. ஆங்கிலம் தெரியாமல் கல்லூரியில் தலைகுனிந்து உட்கார்ந்த அனுபவம் நம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு. ஆனால் பேசக் கற்றுக்கொள்வது ஒன்று, அந்த மொழியில் அறிவியலும் கணக்கும் சிந்திக்கக் கற்றுக்கொள்வது வேறொன்று. கனடாவின் மொழிக் கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் இதைப் பல காலம் ஆராய்ந்தார். புதிய மொழியில் விளையாட்டுத் திடலில் பேச ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு போதும், வகுப்பறைப் பாடத்தில் மற்றவர்களோடு சமமாக நிற்க ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை ஆகும் என்றார். அவர் சொன்னது தெருவெல்லாம் ஆங்கிலம் பேசும் ஊரில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றி. பள்ளி வாசலைத் தாண்டினால் ஆங்கிலமே காதில் விழாத ஊரில் வளரும் நம் பிள்ளைக்கு அதைவிடக் குறைவாக ஆகும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. முதல் வகுப்பில் மாறினால் அந்த ஏழு ஆண்டு இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடித்து மாறினால் இரண்டாவது ஆண்டிலேயே பொதுத்தேர்வு.

எட்டாம் வகுப்பு வரை எங்களிடம் தமிழ் வழியில் படித்துவிட்டு, ஒன்பதில் ஆங்கில வழித் தனியார் பள்ளிக்குப் போன ஒரு மாணவன் பொங்கல் விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தான். புத்தகத்தைப் பிரித்து ஆஸ்மாசிஸ் என்றால் என்ன என்று கேட்டேன். மூச்சுவிடாமல் நான்கு வரி ஆங்கிலத்தில் ஒப்பித்தான். ‘செமி பெர்மியபிள்’ என்று சொன்னாயே, அப்படியென்றால் என்ன என்றேன். விழித்தான். உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டோமே, ராத்திரி கழிந்து பார்த்தபோது என்ன ஆகியிருந்தது என்று தமிழில் கேட்டேன். “உப்பிப் போச்சு டீச்சர். தண்ணி தோல் வழியா உள்ள போயிருச்சு, உள்ள இருக்கிற சர்க்கரை வெளியே வரல” என்றான். சவ்வூடு பரவல் அவனுக்கு முழுதாகத் தெரியும். தனக்குத் தெரியும் என்பதே அந்த ஆங்கில நான்கு வரிகளுக்கு அடியில் மறைந்துபோயிருந்தது. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பிள்ளை, வார்த்தைக் கணக்கின் கேள்வியே புரியாமல் திண்டாடுவதை அதே ஆண்டில் பார்த்தேன்.

முன்னே சொன்ன ஆந்திர ஆய்விலும் இதைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. தெலுங்கு வழித் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் முன்னேறியது போலவும், தெலுங்கு வழியிலிருந்து ஆங்கில வழிக்குத் தாவிய முதல் தலைமுறைப் பிள்ளைகள் தடுமாறியது போலவும் தெரிகிறது என்கிறார்கள். முடிந்த முடிவாக அவர்கள் அதைச் சொல்லவில்லை. நான் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது என்பதால் சொல்கிறேன். ஆங்கில வழிதான் வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டால் ஒன்றிலோ இரண்டிலோ மாற்றிவிடுங்கள். அதைத் தாண்டிவிட்டால், ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகச் சொல்லித்தரும் ஆளைத் தேடுங்கள். மற்றப் பாடங்கள் தமிழிலேயே இருக்கட்டும்.

கட்டணமில்லாமல் தனியார் பள்ளியில் சேரும் வழி, கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு. சிறுபான்மையினர் நடத்தாத, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவினருக்கும் பின்தங்கியோருக்கும் ஒதுக்க வேண்டும். எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பு, அங்கே மட்டும்தான் அந்தக் கதவு. மூன்றாம் வகுப்பில் போய்க் கேட்டால் கிடையாது. எட்டாம் வகுப்போடு அந்தச் சலுகை முடிந்துவிடும், ஒன்பதாம் வகுப்பிலிருந்து கட்டணம் உங்கள் பொறுப்பு என்பதையும் சேரும்போதே மனதில் வையுங்கள்.

இப்போது ஆறாம் வகுப்பு. இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோர் இருந்தால் இதைக் கூர்ந்து கேளுங்கள். இதைத் தெரியாமல் மாற்றிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து வந்து அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

2020இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. இப்படி ஓர் ஒதுக்கீடு வேண்டும் என்று நீதிபதி கலையரசன் தலைமையிலான குழு பரிந்துரைத்திருந்தது. அதற்கு முன் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் முந்நூறைத் தாண்டினார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் 7.5 விழுக்காடு வந்தது. கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய். 2024இல் பையன்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’. இந்த இரண்டு திட்டங்களிலும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு. 7.5 விழுக்காட்டில் அவர்கள் இல்லை. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகள் அந்த ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிகளாகவே கருதப்படும்.

ஆறு முதல் பன்னிரண்டு என்றால் ஏழு வகுப்பும் முழுதாக. ஏழாம் வகுப்பு ஒரே ஒரு வருஷம் தனியார் பள்ளியில் படித்துவிட்டு எட்டில் திரும்பினாலும் அந்த உரிமை போய்விட்டது. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் தொடக்கப் பள்ளி ஐந்தாண்டும் எங்கே படித்திருந்தாலும், ஆறாம் வகுப்புச் சேர்க்கை தனி முடிவு. உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி நன்றாக நடக்கிறதென்றால், அதை விட்டுப் போவதற்குக் காரணம் மிக வலுவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தனியார் தொடக்கப் பள்ளியில் படித்த பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்த குடும்பங்கள் உண்டு. கணக்குப் போட்டு வந்தவர்கள், பணமில்லாமல் வந்தவர்கள், இரண்டும் உண்டு. அந்தப் பிள்ளைகள் யாரும் கெட்டுப்போகவில்லை.

ஒன்பது, பத்து இரண்டிலும் மாற்றாதீர்கள். மெட்ரிக் பள்ளியில் வேறு பாடம், உயர்ந்த பாடம் என்று நினைத்து இந்த வகுப்புகளில் மாற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அன்றிலிருந்து அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். சி.பி.எஸ்.இ. வேறு, அங்கே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத ஒன்பதிலேயே பதிந்திருக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் பலருக்கு மாற்றம் கட்டாயமாகவே வரும், ஊர்ப் பள்ளி பத்தோடு நின்றுவிடுவதால். அப்போது வேண்டிய பாடப்பிரிவு எங்கே இருக்கிறது, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகள் நம் மாநிலத்தில் பெரும் புகழோடு இருந்தன. பிராய்லர் கோழிப் பள்ளிகள் என்று ஊரே பேசியது. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று கேட்கும் பொறுப்பு இனி பெற்றோருக்குத்தான். நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் அந்தப் பாடத்திலிருந்துதான் வருகின்றன.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் வரவு செலவு உங்களுக்குத்தான் தெரியும். இந்த வருஷக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். வேன், புத்தகம், சீருடை, ஆண்டு விழா எல்லாம் சேர்த்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை எத்தனை வருஷம் மிச்சமோ அத்தனையால் பெருக்குங்கள். மேல் வகுப்புகளில் கூடும். இரண்டாவது பிள்ளை இருந்தால் இன்னொரு மடங்கு. நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டுகிற நிலை இருந்தால், எட்டாம் வகுப்பு நடுவில் பிள்ளையைத் திருப்பி அழைக்க வேண்டி வரும். அது அந்தப் பிள்ளையை எவ்வளவு வாட்டும் என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டணத்தை நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. நீங்கள் கட்டுவது அதுதானா என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள்.

இதுவரை சொன்ன கால நேரமெல்லாம் படிப்புக்கு. பிள்ளையை ஆசிரியர் அடிக்கிறார், சாதி சொல்லி ஒதுக்குகிறார்கள், யாரோ தவறாகத் தொடுகிறார்கள், பள்ளி என்றாலே காலையில் வாந்தி எடுக்கிறது என்றால் வகுப்பையும் மாதத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே தடை செய்கிறது. கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான எண் 1098. முதலில் புகார் செய்யுங்கள். புகார் செய்யாமல் உங்கள் பிள்ளையை மட்டும் காப்பாற்றிக்கொண்டு போனால், அதே வகுப்பில் இன்னொரு வீட்டுப் பிள்ளை அதே ஆளிடம் மாட்டிக்கொண்டிருக்கும்.

கேட்டுப் பார்த்தும் கிடைக்காவிட்டால் என்று தொடக்கத்தில் சொன்னேன். பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. அல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் ஒரு புத்தகம் எழுதினார். ஓர் அமைப்பு கெட்டுப்போகும்போது மக்கள் ஒன்று வெளியேறுகிறார்கள், இல்லை குரல் கொடுக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதில் பள்ளிக்கூடத்தையே உதாரணமாகக் காட்டுகிறார். தரத்தில் அக்கறையுள்ள பெற்றோர்தான் முதலில் வெளியேறுகிறார்கள். சண்டை போட்டுச் சரிசெய்ய வேண்டியவர்களும் அவர்களே. நான் இதை ஒவ்வொரு ஜூன் மாதமும் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று வந்து கேட்கிற ஒரே அம்மா, மகளுக்கு டிசி வாங்கிக்கொண்டு போன பிறகு, அதைக் கேட்க ஆளில்லை. மீதி நாற்பது பிள்ளைகளின் பெற்றோர் கேட்கத் தயங்குகிறவர்கள்.

அந்த அம்மாவிடம் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு வருஷம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல உரிமை உண்டு. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தலைமை ஆசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லாமல் அந்தக் கூட்டத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். ‘ஐந்தாம் வகுப்புக்கு ஜூலை முதல் ஆசிரியர் இல்லை’ என்று தேதியோடு தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், அதை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பியாக வேண்டும். தலைமை ஆசிரியையாக இருந்தவள் சொல்கிறேன்: நாங்கள் எழுதிக் கேட்பதைவிடப் பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கேட்கும் காகிதம் சீக்கிரம் நகரும். அரையாண்டுக்குள் எதுவும் நடக்கவில்லை என்றால், மே மாதம் நீங்கள் எடுக்கும் முடிவை யாரும் குறை சொல்ல முடியாது.

போகிற பள்ளியை எப்படிப் பார்ப்பது? சேர்க்கைக்கு என்று ஏற்பாடு செய்த நாளில் போகாதீர்கள். சாதாரணமாக வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். உங்கள் பிள்ளை சேரப்போகும் வகுப்பில் மூன்று பிள்ளைகளின் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். மூன்றிலும் ஒரே பதில், ஒரே சொல், ஒரே பிழை இருந்தால், போர்டைப் பார்த்து எழுதுவதுதான் அங்கே படிப்பு. ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். வருஷா வருஷம் ஆள் மாறினால், சம்பளம் போதவில்லை என்று அர்த்தம். அங்கீகாரம், கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கான சான்றிதழ்களைக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளை நெருப்புக்குக் கொடுத்தோம். தனியார் நிர்வாகத்தில் இருந்த பள்ளி, மேலே கீற்றுக் கூரை, இறங்குவதற்குக் குறுகிய படி. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் நல்ல படிப்பு வேண்டும் என்றுதான் அனுப்பினார்கள்.

எல்லாம் பார்த்து மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், ஆண்டுத் தேர்வு முடிந்து மே மாதத்திலேயே டிசி வாங்குங்கள். பிள்ளையின் எமிஸ் பதிவைப் பழைய பள்ளி விடுவித்து, புதிய பள்ளி எடுத்துக்கொண்டதா என்று ஜூனில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அது தொங்கிக்கொண்டிருந்தால் பின்னால் தேர்வுப் பதிவில் சிக்கல் வரும். பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், யாரிடமாவது விடைபெற வேண்டுமா என்று கேளுங்கள். பழைய பள்ளியைப் பற்றிப் பிள்ளையின் எதிரில் தாழ்வாகப் பேசாதீர்கள். தானும் அங்கிருந்து வந்த பிள்ளைதான் என்பது அதன் மனதில் நிற்கும்.

புதிய இடம் ஒரு வருஷம் பார்த்தும் ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வரலாம். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறுவதற்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமை தருகிறது. கட்டண பாக்கி என்று சொல்லித் தனியார் பள்ளி டிசியை நிறுத்தி வைத்தாலும், அது வந்து சேரவில்லை என்பதற்காக எந்தத் தலைமை ஆசிரியரும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றும் சொல்லக் கூடாது, அது 15ஆம் பிரிவு. நவம்பரில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், இந்த இரண்டு பிரிவுகளின் எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு மறுநாள் மறுபடியும் போங்கள்.